சாகசக் கல்வியில் விரிவுரையாளர் ஆக என்ன வழி?

கேள்வி: உடற்கல்வியில் முதுகலையான எம்.பி.எட். முடித்திருக்கிறேன். வயது 27. மணாலியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சியில் ஏ தரம் வாங்கினேன். விடுமுறை நாட்களில் பள்ளி மாணவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போகிறேன். மலையேற்றம், முகாம் போன்ற அனுபவங்கள் வழியே கற்பிக்கும் சாகசக் கல்வியைக் கல்லூரியில் பாடமாக நடத்த ஆசை. வெளிநாட்டுக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கினால் வேலை கிடைத்துவிடுமா? – வாசகி, கோவை

பதில்: கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, அம்மா. ஆனால் எம்.பி.எட்., ஏ தரம், முகாம் அனுபவம் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வம். அதனால்தான் அவசரப்பட்டு விமானம் ஏற வேண்டாம் என்கிறேன்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சாகசக் கல்வி என்று தனிப் பாடம் கிடையாது. நீங்கள் நுழையக்கூடிய வாசல் உடற்கல்விதான். முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் உடற்கல்வி நெட் எழுதுங்கள். அதே தேர்வின் வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அடுத்தது களத் தகுதி. ஏ தரம் கையில் இருப்பதால் உயர்நிலை மலையேற்றப் பயிற்சிக்குப் போகலாம். அதிலும் ஏ தரம் வாங்குபவர்களுக்குத்தான் 'மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' எனப்படும் பயிற்றுநர் பயிற்சி. மணாலி, உத்தரகாசி, டார்ஜிலிங் நிலையங்களில் இவை நடக்கின்றன. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கூடவே 'வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' முதலுதவிப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது அடிபட்டவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை ஏறத்தாழ 70 முதல் 80 மணி நேரம் சொல்லித் தருவார்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். ஒரு நேர்முகத் தேர்வுக் குழுவில் நான் இருந்தபோது ஒரு தம்பி கட்டுக்கட்டாகச் சான்றிதழ் கொண்டுவந்தார். "கடைசியாக எப்போது பாதி வழியில் திரும்பி வந்தீர்கள், ஏன்?" என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பாமல் இருந்திருக்க மாட்டார். எழுதி வைக்காததால் நினைவில் இல்லை. நீங்கள் ஒரு லாக் புக் போடுங்கள். தேதி, இடம், எத்தனை பேர், வானிலை, எடுத்த முடிவு, அதற்கான காரணம். "மதியம் 2 மணி, மேற்கே மேகம் கறுத்தது, உச்சிக்கு இன்னும் 40 நிமிடம், திரும்பினோம்" என்று ஒரு வரி போதும். வேலைக்கான ஆதாரமும் அதுதான், பிற்பாடு ஆய்வுக்கான மூலப்பொருளும் அதுதான்.

சரி, வகுப்பில் எதைக் கற்பிப்பீர்கள்? எட்டு வடிவ முடிச்சும் கயிறு பிடிப்பதும் ஒரு வாரத்தில் வந்துவிடும். கடினமானது அதற்கு அப்புறம் வருவது. பாறையின் பாதியில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் நின்றுவிடுகிறாள். கீழே நிற்கும் தோழிகள் ஆளுக்கொரு பக்கம் "அங்கே கால் வை, இங்கே பிடி" என்று கத்துகிறார்கள். அவளுக்குக் கால் நடுங்குகிறது, இறங்கிவிடுகிறாள். அன்று இரவு வட்டமாக உட்காரும்போது ஆசிரியர் "ஏன் பயந்தாய்?" என்று கேட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். "அங்கே நின்றபோது என்னென்ன காதில் விழுந்தது?" என்று கேட்டால், "எல்லாரும் கத்துனது மட்டும்தான் மிஸ்" என்பாள். மறுநாள் காலை வேறொருத்தி ஏறும்போது கூட்டம் தானாகவே அமைதியாக நிற்கும். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை எதிர்கால ஆசிரியர்களுக்குக் கற்றுத் தருவதே உங்கள் வேலை. அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய அனுபவக் கற்றல் சுழற்சியைப் படியுங்கள்; அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்து, மறுபடி முயற்சி என்று அது போகும். இந்தக் காட்சியோடு வைத்துப் படித்தால் எளிதாகப் புரியும்.

விபத்துகளையும் பாடமாகவே நடத்த வேண்டும். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் படகுப் பயிற்சிக்குப் போன 4 பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1995-இல் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. நம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீ மலையேறிகளைப் பலிகொண்டது. அதே ஆண்டில் தமிழக அரசும் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. இவற்றை வரிவரியாகப் படித்திராத ஒருவர் இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாடு பற்றி. எடின்பரோ பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப், அமெரிக்காவின் பிரெஸ்காட் கல்லூரி எல்லாம் இந்தத் துறையில் பேர் போனவை. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்நாட்டு மாணவர்களை வைத்தே எழுதப்பட்டது. வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியிராத நம் அரசுப் பள்ளிப் பெண் முகாமுக்கு வர, அவள் அம்மாவிடம் அனுமதி வாங்குவதே எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது, திரும்பி வந்த பிறகு வீட்டில் என்ன மாறுகிறது? இதை ஆராயுங்கள். இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தும் செய்யலாம். வெளிநாடுதான் என்றால் இரண்டு பருவம் களத்தில் இருந்துவிட்டு, இந்தக் கேள்வியோடும் முழு உதவித்தொகையோடும் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள்.

இதுவரை நடத்திய முகாம்களையும், நினைவிருக்கும் வரை, தேதிவாரியாக லாக் புக்கின் முதல் பக்கங்களில் எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மாற்றலாகிப் போவதற்குள் வாங்குவது நல்லது.