மகள் ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா? லேபில் தொற்று வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

அனுப்பலாம் சார். ஆனால் எந்த வேலைக்கு என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள், ஏனென்றால் இந்தத் துறைக்குள் ஒரு வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது, இன்னொன்று வளர்கிறது.

சுருங்குவது ஜீனோடைப், அதாவது வைரஸின் மரபணு வகை என்ன என்று ரிப்போர்ட் கொடுக்கும் வேலை. முன்பெல்லாம் ஹெபடைட்டிஸ் சி வந்தவருக்கு எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதே வைரஸின் வகையைப் பார்த்துத்தான் முடிவாகும். இந்தியாவில் 3ஆம் வகைதான் அதிகம், அடுத்து 1. இப்போது எல்லா வகைக்கும் கேட்கிற மாத்திரைகள் வந்துவிட்டன, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு வகை பார்க்காமலே 12 வாரம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதனால் கிட் வைத்து டெஸ்ட் போட மட்டும் கற்றுத்தரும் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள்.

வளர்வது பரவலைத் துரத்தும் வேலை. ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நாலைந்து பேருக்கு சி வந்தால், அது அங்கேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனதா, வெளியிலிருந்து வந்ததா என்று வைரஸ்களின் மரபணு வரிசையை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஹெபடைட்டிஸ் பி-யில் நம் நாட்டில் டி வகை அதிகம், ஏ-யும் உண்டு, கிழக்கே போனால் சி வகையும் வரும் (இந்த ஏ, சி, டி எல்லாம் பி வைரஸின் உட்பிரிவுகள், குழம்ப வேண்டாம்). தடுப்பூசிக்குத் தப்பும் மாற்றம், மருந்துக்கு அடங்காத மாற்றம் இதையெல்லாம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான்.

மகளை ஜென்பேங்க் என்ற இலவச மரபணுத் தரவுத்தளத்திலிருந்து பி வைரஸின் மரபணு வரிசைகள் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 3200 எழுத்துதான். மெகா என்ற இலவச மென்பொருளில் எந்த வைரஸ் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் வம்ச மரம் போட்டுப் பார்க்கட்டும். அதில் ராத்திரி சாப்பாடு மறந்துபோனால் சரியான பிள்ளை. அரை மணியில் அலுத்துவிட்டால் வேறு மைக்ரோபயாலஜி வேலைகள் நிறைய இருக்கின்றன.

படிப்புக்கு புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் எம்எஸ்சி வைராலஜியைப் பாருங்கள், இடம் குறைவு. கூடவே பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் (உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரில் அலசும் படிப்பு) பார்க்கலாம். எம்எஸ்சியோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், புராஜெக்ட் முடிந்தால் அதுவும் முடியும். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிவிட்டால் பிஎச்டியின்போது மாதம் 37,000 ரூபாய் வரும், உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

அப்புறம், தொற்று பயம் கேட்டிருந்தீர்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று டோஸும் போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டே லேபுக்குள் போகட்டும். சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஊசி, கண்ணாடி கையாளும்போது கவனம்தான் பாதுகாப்பு.