கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்துல அப்படி என்னதான் வேலை பாக்காங்க, வரிப்பணம் வேஸ்ட்டா?

கேட்டவரு பாளையங்கோட்டையிலயோ டவுன்லயோ மீன் குழம்பு சாப்பிட்டுகிட்டே கேட்டிருப்பாருன்னு நெனைக்கேன், தப்பில்ல. நான் உவரி பக்கத்துக்காரன், அப்பா பைபர் வள்ளத்துல தொழிலுக்குப் போறவரு. அந்த நிறுவனத்துல எனக்கு வேலையும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல, கமெண்ட்ல வந்து குதிக்காதீங்க.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல தொடங்குனது, தலைமை கொச்சி, நமக்குப் பக்கத்துல தூத்துக்குடியில அதோட கிளை ஒண்ணு இருக்கு. 1973ல வளர்ப்பு முத்து எடுத்தது அங்கதான், அத எல்லாரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது கரைக்குக் கணக்கெடுக்க வாரவங்களப் பத்தி. எல்லா வள்ளத்தையும் எண்ண முடியாதுல்லா, அதனால சில கரை, சில நாள், வார வள்ளத்துல சிலதுன்னு எடுத்து, அத வச்சு மொத்தம் எவ்வளவு பிடிபட்டுருக்கும்னு கணக்கு போடுதாங்க.

எங்க கரைக்கு ஒரு சார் வருவாரு. வலையில இருந்து சிங்கி இறாலப் பிரிச்சுகிட்டு இருக்கும்போதே ஸ்கேல வச்சு நீளம் பாத்து, எடை போட்டு, வயித்துக்கு அடியில முட்டை இருக்கான்னு பெரட்டிப் பாத்து எழுதுவாரு. ஏலக்காரருக்கு ஒரே எரிச்சல், சிங்கி செத்துட்டா விலை போச்சே. எங்க அப்பா "சார்வாள், அப்படியே எங்க வீட்டு அரிசியையும் எண்ணிட்டுப் போங்க"ம்பாரு. அவரு சிரிச்சுகிட்டே அடுத்த சிங்கியத் தூக்குவாரு.

இப்படி அளந்து அளந்துதான் எந்த சைஸ்ல முட்டை வைக்க ஆரம்பிக்குதுன்னே தெரியும். 2003ல ஏற்றுமதிக்குக் குறைஞ்சபட்ச எடை கொண்டுவந்தாங்க, ஹோமாரஸ்ங்கிற வகைக்கு 200 கிராம். ஆனா அது ஏற்றுமதிக்குத்தான், பொடிச் சிங்கி உள்ளூர் ஓட்டலுக்குப் போனா அதுக்கும் ஆராய்ச்சி பண்ணுனவனையா திட்டுவீங்க? எங்க அப்பா இன்னைக்கும் "இவிய எண்ண ஆரம்பிச்சதுல இருந்துதாம்ல மீனே இல்ல"ங்காரு, அது வேற.

வரிப்பணம்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க அம்மா மீன் கூடைய ஏத்துனா, அதே வரிப்பணத்துல ஓடுத கவர்மெண்ட் பஸ்ல "நாறுது, எறங்கு"ன்னு எறக்கி விட்டிருக்காங்க, டிக்கெட்டும் எடுத்து லக்கேஜும் குடுக்க ரெடியா இருந்தும். வாய மூடிட்டு நின்ன அதே ஆளுங்க ஞாயித்துக்கிழமையானா சீலா மீன் இருக்கான்னு எங்க வாசல்ல நிக்காங்க. இத எவனும் கேள்வியா கேக்க மாட்டான்.

சரி, யாரு எண்ணுதான்னு பாக்கணும்னா விடியக்காலம் வாங்க. ஏலம் முடிஞ்ச பொறவு வந்து, கரையில ஒண்ணுமே நடக்கலன்னு எழுதாதீங்க.