கரண்ட் கேள்வி பதில்: பனிநாட்டிலும் மின்தடையா?

கேள்வி: என் மகள் கனடாவில், மான்ட்ரியலில் இருக்கிறாள். இந்தக் குளிர்காலத்தில் ஏதோ உறைமழையாம், ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லை. அவ்வளவு பணக்கார நாட்டிலுமா இப்படி?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: பணம் இருந்து என்னம்மா செய்ய, பாரம் தாங்க வேண்டுமே! 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நம் ஊரில் காற்று மரத்தைச் சாய்த்தது, மரம் கம்பியை அறுத்தது. அங்கே காற்றே வேண்டாம். மேலே சற்றுச் சூடான காற்று, தரையோரம் பூஜ்யத்துக்குக் கீழே குளிர். பனி மேலே உருகி மழையாக இறங்கி, கம்பியில் பட்டதும் உறைந்துவிடும். விரல் தடிமன் கம்பி மணிக்கட்டுத் தடிமன் ஆகும். கம்பியைத் தாங்கும் ஒரு மின்கோபுரம் சாய்ந்தால் பக்கத்துக் கோபுரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

1998 ஜனவரியில், மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் இதுதான் நடந்தது. சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு உறைமழை. 30 லட்சம் பேருக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். மான்ட்ரியலுக்குத் தெற்கே சிலருக்குக் கரண்ட் திரும்ப ஒரு மாதம் ஆனது. ராணுவமே இறங்கியது.

நமக்குக் கரண்ட் போனால் புழுங்கும், கொசு கடிக்கும், அவ்வளவுதான். அங்கே வீட்டைச் சூடாக வைப்பதே பெரும்பாலும் மின்சாரம்தான், நீர்மின்சாரம் மலிவு என்பதால். அதில் பெரும் பங்கு ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து அணைகளிலிருந்து 735 கிலோவோல்ட் கம்பியில் வருகிறது. (1965லேயே அந்த அழுத்தத்தில் லைன் போட்டவர்கள். எங்களைப் போன்ற கரண்ட் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்த விஷயம்.)

மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 1998லும் அதனால் உயிர்கள் போயின.

கேள்வி: கரண்ட் வந்த சில நிமிடத்திலேயே மறுபடி போய்விட்டதாம். ஏன்?
- அதே வாசகி

பதில்: சாதாரண நாளில் எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடாது. ஒன்று நிற்கும்போது இன்னொன்று ஓடும். வீடெல்லாம் சில்லிட்டுப்போன பிறகு கரண்ட் வந்தால், அத்தனையும் ஒரே சமயத்தில் இழுக்கும். ஃபீடர், அதாவது அந்தப் பகுதிக்குக் கரண்ட் கொண்டுவரும் லைன், பாரம் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். அதனால்தான் பகுதி பகுதியாகக் கரண்ட் கொடுப்பார்கள். நம் ஊர் மே மாத இரவில் ஏசிகளால் இதே கதை. நான் சப்ஸ்டேஷனில் இருந்தபோது, "வந்த உடனே போயிடுச்சே சார்!" என்று போன் மேல் போன் வரும். கரண்ட் போனதும் ஹீட்டர்களை அணைத்துவிட்டு, வந்தபின் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாக் கம்பியையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் என்ன?
- வாசகர், அண்ணா நகர்

பதில்: ஊருக்குள் சரி. சென்னையில் நிறைய இடங்களில் கேபிள்தான், புயலுக்குத் தப்பும், ரோடு தோண்டுகிறவர்களிடம் தப்பாது. ஆயிரம் கிலோமீட்டர் உயரழுத்த லைனைப் புதைப்பதற்குச் செலவு ஒரு பக்கம். அத்தனை நீளத்தில் மாறுமின்னோட்டக் கேபிளை சார்ஜ் செய்யவே, அது மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் திறன் தீர்ந்துவிடும். கியூபெக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். கோபுரங்களை வலுப்படுத்தியதோடு, அங்குள்ள லெவி என்ற ஊரின் துணைமின்நிலையத்தில் ஒரு கருவி வைத்தார்கள். அது கம்பியில் பெரிய நேர்மின்னோட்டத்தை விட்டுச் சூடாக்கி, ஒட்டிய பனியை உதிர்த்துவிடும்.