சாவா மூவாப் பணம்

அன்புள்ள சார்,

காலநிலை மாற்றத்தால் அடிபடும் நாடுகளுக்கு உதவ ஏற்படுத்திய இழப்பு–சேத நிதியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2022-ல் எகிப்தில் முடிவெடுத்து, 2023-ல் துபாயில் தொடங்கிவைத்தும், உலக நாடுகள் சேர்ந்து தருவதாகச் சொன்ன தொகை 100 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: குட்டித் தீவு நாடுகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காலநிலை நிதியம் வைத்துக்கொள்வது நல்லது என்று. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பசிபிக் கடலில் இருக்கும் துவாலுவில் மொத்தமே பதினோராயிரம் பேர். எங்கள் வார்டில் அதைவிடக் கூட்டம் அதிகம். உலகத்தில் ஏற்கெனவே பசுமைக் காலநிலை நிதியம் இருக்கிறது, தகவமைப்பு நிதியம் இருக்கிறது, உலக வங்கி இருக்கிறது. பிறகு அங்கேயும் ஒரு ஆபீஸ், ஒரு சேர்மன், அவருக்கு ஒரு காரா? நம் ஊர் வாரியங்களைப் பார்த்த பிறகுமா இப்படி எழுதுகிறீர்கள்? அதுவும் போக, கடலுக்குள் போகப்போகிற ஊரில் உண்டியல் வைத்து என்ன பயன்?

என் மைத்துனர் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை செய்கிறார். அங்கே தங்குகிறவர்கள் பில்லில் ‘கிரீன் டாக்ஸ்’ என்று தனியாக ஒரு வரி இருக்குமாம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

முரளி, தூத்துக்குடி

*

அன்புள்ள முரளி,

அதை ஒரு வரியில் கடந்துபோனது என் தப்புதான். காரைப் பற்றிய சந்தேகமும் நியாயமானது. அந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நிதியம் என்ற ஏற்பாடே அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு வரும். ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு. ஆடுகளை இடையர்கள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். அவர்கள் தினம் ஒரு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். குட்டி போட்டாலும் கிழடு செத்தாலும் அவர்கள் பாடு. கோயில் கணக்கில் 96 என்பது 96-தான். அதனால்தான் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு. இப்படிப்பட்ட கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள் பலவும் ‘பன்மாகேசுவர ரட்சை’ என்று முடியும். கொடுத்த அரசனோ வாங்கிய அதிகாரியோ மட்டும் காவல் இல்லை, சிவனடியார்கள் அத்தனை பேரும் காவல் என்று பொருள்.

ஆட்டைத் தொடாதே, நெய்யை மட்டும் எடு, காவலுக்கு வெளியாட்களையும் வை. நிதியம் அமைக்கும் சட்டங்கள் நூறு பக்கத்துக்கு நீண்டாலும் சாரம் இந்த மூன்றுதான். பணம் எவ்வளவு என்பது அப்புறம்.

துவாலு இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1978-ல் சுதந்திரம். அடுத்த வருஷமே ஓர் அமெரிக்க நில வியாபாரி வந்து, டெக்சாஸில் மனை இருக்கிறது, 15 சதவீத வட்டி வரும் என்று சொல்ல, ஐந்தரை லட்சம் டாலர் அரசுப் பணம் அவரிடம் போனது. புதிதாகப் பிறந்த அந்த அரசின் கையிருப்பில் பெரும்பகுதி அது. பிறகு நடந்த களேபரத்தில் 1981-ல் பிரதமரே மாறினார். நம் ஊரில் தேக்கு மரத்திலும் ஈமு கோழியிலும் பணம் போட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

1987-ல் துவாலு அறக்கட்டளை நிதியம் உருவானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் ஏறக்குறைய சம அளவில் பெரும்பங்கு போட்டன. துவாலுவும் தன் பங்கைப் போட்டது. மொத்தம் சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதன் வேலை முறை அழகானது. முதலுக்கு ஒரு அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய விலைவாசி ஏற ஏற அந்தக் கோடும் ஏறும். நிதியத்தின் மதிப்பு கோட்டுக்கு மேலே போனால், மேலே உள்ளது மட்டும் தானாக இன்னொரு கணக்குக்கு வழியும். அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் அரசு எடுக்க முடியும். மதிப்பு கோட்டுக்குக் கீழே போய்விட்டால் அந்த வருஷம் சல்லிக்காசு வராது. 2008-ல் உலகச் சந்தைகள் விழுந்தபோது அப்படித்தான் ஆனது. நல்ல வருஷங்களில் இரண்டாவது கணக்கில் சேர்த்துவைத்ததை எடுத்துச் சமாளித்தார்கள். நிர்வாகக் குழுவில் துவாலுவோடு பணம் போட்ட நாடுகளின் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பன்மாகேசுவரர்கள்! போட்ட முதல் இன்று பல மடங்கு.

தன் நாட்டுப் பணத்துக்கு வெளிநாட்டான் காவலா என்று ரோஷம் வரலாம். எனக்கும் வந்தது. பிறகு நவுருவின் கதையைப் படித்தேன்.

நவுருவும் துவாலு போலப் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் உள்ள தீவு. மண்ணெல்லாம் பாஸ்பேட். 1968-ல் சுதந்திரம் வந்ததும் அதை வெட்டி விற்று, ஒரு கட்டத்தில் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்த்துவைத்திருந்தார்கள். அதற்கும் அறக்கட்டளை என்றுதான் பெயர். ஆனால் கோடு கிடையாது, காவல் கிடையாது. மெல்போர்னில் ஐம்பத்திரண்டு மாடிக் கட்டடம், சொந்த விமானக் கம்பெனி, 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றி ஓர் இசை நாடகம். நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது. கட்டடம் 2004-ல் கடனுக்குப் போனது. நவுருவின் நடுவே இன்று இருப்பது பாஸ்பேட் வெட்டியெடுத்த சுண்ணாம்புப் பாறை முட்கள்தான். 2015-ல் மறுபடி ஒரு நிதியம் தொடங்கினார்கள், இந்த முறை ஆஸ்திரேலியாவையும் தைவானையும் கூட உட்காரவைத்துக்கொண்டு.

நவுருவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி பனாபா என்று ஒரு தீவு, இன்றைய கிரிபாஸைச் சேர்ந்தது. (எழுதும்போது கிரிபாட்டி, சொல்லும்போது கிரிபாஸ். அவர்கள் மொழியில் ‘ட்டி’தான் ‘ஸ்’.) அங்கேயும் அதே பாஸ்பேட். ஆனால் 1956-லேயே அந்த வருமானத்தில் ஒரு இருப்பு நிதி ஒதுக்கத் தொடங்கிவிட்டது அன்றைய பிரிட்டிஷ் நிர்வாகம். 1979-ல் பாஸ்பேட் தீர்ந்தது, நிதி தீரவில்லை. இன்று அது 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பனாபா மக்களை 1945-லேயே பிஜியின் ராம்பி தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நிதியை நிரப்பிய மண்ணின் சொந்தக்காரர்கள் ஊரிலேயே இல்லை. நன்றாக நடத்தப்பட்ட நிதியம் என்று புகழும் அறிக்கைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

இனி உங்கள் முதல் கேள்வி. உலக நிதியங்கள் இருக்கும்போது தனி எதற்கு?

பசுமைக் காலநிலை நிதியத்தின் அலுவலகம் தென்கொரியாவில் சோங்டோவில் இருக்கிறது. அங்கே நேரடியாகப் பணம் வாங்க முதலில் ‘அங்கீகாரம்’ பெற வேண்டும். தணிக்கை முறை, டெண்டர் விதிகள், புகார் விசாரிக்கும் ஏற்பாடு என்று எல்லாவற்றுக்கும் காகிதம் காட்ட வேண்டும். கேட்பது தவறில்லை. ஆனால் ஒரு துறைக்கே நாலைந்து அதிகாரிகள் இருக்கும் நாட்டில் இந்தக் காகிதத்தை யார் தயாரிப்பது? அதனால் பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. துவாலுவின் கரைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2016-ல் 3 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் ஒப்புதலானது. பணத்தை வாங்கி வேலையை நடத்தியது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். தலைநகர் ஃபுனாஃபுதியில் சுமார் 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குக் கடலைத் தூர்த்துப் புது நிலம் எழுந்தது. அது முடிந்தபோது 2023 முடியப்போகிறது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வருஷம்.

புயல் ஏழு வருஷம் காத்திருக்காது. 2015 மார்ச்சில் பாம் புயல் இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைப் புரட்டிப்போட்டது. அதன் அலைகள் மட்டுமே துவாலுவுக்கு வந்தன. அதற்கே மக்களில் 45 சதவீதம் பேர் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது என்று அன்றைய பிரதமர் எனெலே சொபோவாகா சொன்னார். அந்த வருஷமே காலநிலைக்கும் பேரிடருக்கும் என்று தனிச் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை அரசே போட்டு, துவாலு பிழைத்திருப்பு நிதியத்தைத் தொடங்கினார்கள். உலகக் கணக்கில் அது சில்லறை. ஆனால் கூரை பறந்த மறுவாரம் தகரம் வாங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேசிய நிதியத்தின் முதல் பயன் இந்த வேகம். இரண்டாவது பயன் மெதுவாக வரும்: சொந்தப் பணத்துக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதிப் பழகிய அலுவலகத்திடம்தான் சோங்டோ கேட்கும் காகிதங்கள் தயாராக இருக்கும்.

போடுவதற்குப் பணமே இல்லாத நாடு என்ன செய்யும்? சீஷெல்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. (அதன் தலைநகர் விக்டோரியாவின் நடுவே கோபுரத்தோடு ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே தமிழர்கள் ஒரு கணிசமான கூட்டம்.) அந்த நாட்டுக்குக் கடன் கழுத்துவரை. தலைக்கு வருமானத்தைப் பார்த்தால் பணக்கார நாடு என்று சொல்லி, 2018-ல் உதவி பெறும் நாடுகள் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதற்குள் அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். பழைய கடனில் 2 கோடியே 16 லட்சம் டாலரைக் கொஞ்சம் தள்ளுபடியில், ஓர் அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பண உதவியோடு மாற்றிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்குக் கட்ட வேண்டிய தவணையில் ஒரு பகுதி இப்போது உள்நாட்டிலேயே, 2015-ல் சட்டம் போட்டு உருவாக்கிய ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. பதிலுக்குத் தங்கள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். 2020-ல் அறிவித்தும்விட்டார்கள். அந்த அறக்கட்டளை மீனவர் சங்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பவளப்பாறை நடுகிறவர்களுக்கும் சின்னச் சின்ன மானியம் தருகிறது.

இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அரை மனதுதான். கடன் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. வட்டி போகும் திசைதான் மாறியது. தன் கடலில் எங்கே மீன் பிடிக்கக் கூடாது என்பதைக் கடன் பேச்சோடு சேர்த்து முடிவு செய்வதும் உறுத்துகிறது. ஆனாலும் வெளிநாட்டுக்குப் போகிற வட்டி சீஷெல்ஸின் மாஹே தீவு மீனவருக்கு வந்தால் அது வந்ததுதானே.

சரி, உங்கள் மைத்துனரின் பில்லுக்கு வருகிறேன். மாலத்தீவின் பசுமை வரி 2015 நவம்பரில் வந்தது. ரிசார்ட்டில் தங்குகிறவர் தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். 2025 ஜனவரியிலிருந்து அது 12. சின்ன விருந்தினர் விடுதிகளில் பாதி. ஒரு ஜோடி ஐந்து நாள் தங்கினால் 120 டாலர். ரிசார்ட் அதை வசூலித்து வரித்துறையிடம் கட்டும், அது பசுமை நிதிக்குப் போகும். அதிலிருந்து மக்கள் வாழும் தீவுகளில் கழிவுநீர்க் குழாய், குடிநீர், குப்பை, கரைத் தடுப்பு. கழிவுநீர்க் குழாய்க்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பவளத் தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது மண்ணுக்கடியில், உப்புத் தண்ணீர்மேல் மிதக்கும் மெல்லிய படலம். கடல் ஏற ஏற அது கீழிருந்து உப்பாகிறது, மலக்குழி மேலிருந்து கெடுக்கிறது. ஆக, குழாய் போடுவதும் கடலை எதிர்கொள்கிற வேலைதான்.

பலாவ் என்ற பசிபிக் தீவு நாடு இன்னும் எளிதாகச் செய்கிறது. 2018 முதல் விமான டிக்கெட்டிலேயே 100 டாலர் சேர்த்துவிடுகிறார்கள், கேள்வியே இல்லை.

இந்த வகையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இது ஆடு இல்லாத நெய். 2020 மார்ச் முதல் ஜூலை நடுவரை மாலத்தீவு சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவை மூடியிருந்தது. வரியும் நின்றது. கடல் நிற்கவில்லை. வருகிற வரியில் ஒரு பங்கையாவது துவாலு மாதிரி தொட முடியாத முதலாகப் பூட்டிவைக்க வேண்டும் என்பது என் கட்சி. 12 டாலர் ஆக்கியபோது கூடிய 6 டாலரை அப்படிப் பூட்டியிருக்கலாம். எந்த நிதியமைச்சருக்கு மனம் வரும்?

மூழ்கப்போகிற ஊரில் உண்டியல் எதற்கு என்ற கேள்வி மிச்சம். உண்டியல் அந்த ஊரில் இல்லையே, முரளி. துவாலு நிதியத்தின் பணம் வெளிநாட்டுச் சந்தைகளில் பங்குகளாகவும் பத்திரங்களாகவும் இருக்கிறது. துவாலுவுக்குச் சொந்தமானதில் கடல் தொட முடியாத பொருள்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. 2023-ல் அவர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலம் போனாலும் துவாலு என்ற நாடு நிரந்தரமாக இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அதே வருஷம் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேற வழி செய்தார்கள். பிரிஸ்பேனில் வளரப்போகிற ஒரு துவாலுக் குழந்தைக்கு அந்த நெய்யில் பங்கு உண்டா, இல்லை தீவில் கடைசிவரை இருப்பவர்களுக்கு மட்டுமா? 1987-ல் யாரும் அந்தக் கேள்வியை எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அப்போது அதற்குத் தேவை இருக்கவில்லை.

மைத்துனரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ரிசார்ட்டைச் சொல்லவில்லை, அது வேறு உலகம். லீவு நாளில் பக்கத்தில் மக்கள் இருக்கும் தீவுக்குப் போவார் இல்லையா, அங்கே வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை இன்னும் குடிக்கிறார்களா, இல்லை குழாயா?

அன்புடன்.