ஸ்னீக் அட்டாக்: டர்னுக்கு ஒரு தடவையா, ரவுண்டுக்கு ஒரு தடவையா?

பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நண்பர்களுடன் ஆடிவரும் வாசகர் ஒருவர், தம்முடைய ஐந்தாம் நிலை ரோக் (தந்திரமாகத் தாக்கும் வகுப்பு) பாத்திரத்தைப் பற்றி ஐயம் எழுப்பியிருக்கிறார். ஓகர் என்ற பூதம் ஒன்றுடன் நடந்த சண்டையில், அவர் தம் டர்னில் ரேப்பியர் வாளால் அதைத் தாக்கி, ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதத் திறனுக்கு உரிய மூன்று ஆறுமுகப் பகடைகளையும் சேர்த்து உருட்டியிருக்கிறார். அதே ரவுண்டில் ஓகரின் டர்ன் வந்ததும் அது அவரை விட்டு விலகி ஓட முயல, எதிர்வினையாகச் செயல்படக் கிடைக்கும் தம் ரியாக்ஷனைச் செலவிட்டு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் ஒன்றைச் செய்தார், அதுவும் பட்டது. மறுபடியும் மூன்று பகடைகளைக் கையில் எடுத்தபோது, ஆட்டத்தை நடத்திய டிஎம் தடுத்துவிட்டார். அந்த ரவுண்டில் அந்தத் திறன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பது அவர் சொன்ன முதல் காரணம். எதிரியின் கண்ணெதிரே நின்றுகொண்டு செய்யும் தாக்குதல் எப்படி ஒளிந்து தாக்குவதாகும் என்பது இரண்டாவது. யார் சொல்வது சரி என்று வாசகர் கேட்கிறார்.

விதியின் எழுத்துப்படி வாசகர் பக்கமே நியாயம் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த விதிநூலுக்கும், திருத்தப்பட்டு 2024-இல் வந்த நூலுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த இரண்டாவது அடி விழுந்த கணத்தில் ஒரு நிபந்தனை நிறைவேறியதா என்பதை அவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காலத்தைக் குறிக்கும் சொல்லைப் பார்க்கலாம். ரவுண்டு என்பது ஆட்டத்தின் உலகில் ஏறத்தாழ 6 வினாடி. அதற்குள் சண்டையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன் கிடைக்கிறது. நான்கு வீரர்களும் ஓர் ஓகரும் மோதினால் ஒரு ரவுண்டில் ஐந்து டர்ன்கள் உண்டு. ஸ்னீக் அட்டாக்கின் விதி ‘ஒரு டர்னுக்கு ஒரு தடவை’ என்றுதான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் டர்னுக்கு என்று அது சொல்லவில்லை. ரவுண்டுக்கு என்றும் சொல்லவில்லை. ஆகவே உங்கள் டர்னில் ஒரு தடவையும், ஓகரின் டர்னில் ஒரு தடவையும் பயன்படுத்தினால் எந்த டர்னிலும் வரம்பு மீறப்படவில்லை. தமிழில் பேசி ஆடும் குழுக்களில் இந்தக் குழப்பம் கூடுதலாக வருவதை நான் கவனித்திருக்கிறேன். ‘இது உன் முறை’ என்றால் டர்ன். ‘ஒரு முறைதான் செய்யலாம்’ என்றால் தடவை. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ‘ஒரு முறைக்கு ஒரு முறை’ என்ற விதி வாய்வழியாகச் செல்லும்போது ‘ஒரு முறைதான்’ என்று சுருங்கி, அதன் பிறகு ரவுண்டுக்கு ஒன்று என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. மேசையில் டர்ன், ரவுண்டு என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

இது சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்யும் வாதம்தானே, எழுதியவர் அவ்வளவு நுட்பமாக நினைத்திருப்பாரா என்று டிஎம் கேட்கக்கூடும். அதற்கு விடை அதே நூலிலேயே இருக்கிறது. தன் டர்னுக்கு மட்டும் ஒரு திறனைக் கட்டுப்படுத்த வேண்டிய இடங்களில் நூல் அதை வெளிப்படையாகவே எழுதுகிறது. அட்டாக் ஆக்ஷன் எடுக்கும்போது இரண்டு தடவை தாக்க வழிசெய்யும், ஃபைட்டர் என்ற போர்வீரர் வகுப்பின் எக்ஸ்ட்ரா அட்டாக், ‘உங்கள் டர்னில்’ என்ற சொற்களோடு வருகிறது. அதனால்தான் ஒரு ஃபைட்டர் தாக்குதலை ரெடி செய்து வைத்து வேறொருவர் டர்னில் வெளியிட்டால், அவருக்கு ஓர் அடிதான் கிடைக்கிறது. ரோக்கின் சொந்தத் திறனான கன்னிங் ஆக்ஷனும் உங்கள் டர்ன்களுக்கு உரியதாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வகுப்பின் இரண்டு திறன்களில், ஒன்றில் ‘உங்கள்’ என்ற சொல் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்றால், அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு என்று கொள்வதே முறையான வாசிப்பு. ஒரு திறனை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அதன் பொருளைத் தேடுவதைவிட, அதன் அண்டை வீட்டுத் திறன்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது பெரும்பாலான சச்சரவுகளைத் தீர்த்துவிடுகிறது.

வெளிச்சான்றும் உண்டு. நூலை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் அதிகாரபூர்வ விளக்கத் தொகுப்பான சேஜ் அட்வைஸ், ரியாக்ஷனில் செய்யும் தாக்குதலுக்கும் ஸ்னீக் அட்டாக் பொருந்தும் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறது. திருத்தப் பதிப்புக்காக 2022-இல் வந்த சோதனை வரைவு ஒன்றில் இந்தத் திறனை ரோக்கின் சொந்த டர்னுக்குள் அடக்கிப் பார்த்தார்கள். 2024-இல் வந்த இறுதி நூலில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, பழைய சொற்றொடரே திரும்பி வந்தது. மாற்றிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்ட ஒன்றை, கவனக்குறைவால் வந்த பிழை என்று இனிச் சொல்ல இயலாது.

டிஎம் சொன்ன இரண்டாவது காரணம் திறனின் பெயரிலிருந்து பிறந்தது. இந்த ஆட்டத்தில் பெயர் விதி ஆகாது. பெயருக்குக் கீழே இருக்கும் வாக்கியங்களே விதி. பழைய பதிப்புகளில் இந்தத் திறனின் முன்னோடி, திருடன் வகுப்புக்கு உரிய ‘பின்னாலிருந்து குத்துதல்’ என்ற பெயரில் இருந்தது. எதிரி அறியாமல் முதுகுப்புறம் போய் நின்றால்தான் அது செல்லும். அந்த நினைவு பல டிஎம்களின் மனத்தில் இன்னும் தங்கியிருக்கிறது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே, எதிரியை இருவர் இருபுறமும் நின்று நெருக்கினால் போதும் என்று ஆகிவிட்டது. ஐந்தாம் பதிப்பு ஒளிந்திருக்க வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. அது கேட்பவை இவைதான்: தாக்கும் ஆயுதம் ஃபினெஸ் தன்மை (லாகவமாக வீசத்தக்க தன்மை) உடையதாகவோ தொலைதூர ஆயுதமாகவோ இருக்க வேண்டும், அந்தத் தாக்குதலுக்கு உங்களுக்கு அட்வான்டேஜ் (இருபதுமுகப் பகடையை இரண்டு தடவை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளும் சாதகம்) இருக்க வேண்டும். அட்வான்டேஜ் இல்லையென்றால், இலக்கின் இன்னோர் எதிரி, செயலிழக்காத நிலையில், இலக்கிலிருந்து 5 அடிக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜும் (அதேபோல் உருட்டித் தாழ்ந்த எண்ணைக் கொள்ளும் பாதகம்) இருக்கக்கூடாது. ஓகரின் கவனம் பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர் மீதும் பிரிந்திருக்கும்போது அதன் விலா எலும்புகளுக்கு இடையே வாளைச் செருகுவதும் இந்தத் திறன்தான்.

‘இன்னோர் எதிரி’ என்ற இடத்தில் இரண்டு நூல்களுக்கும் வேறுபாடு உண்டு. 2014 நூல் இலக்குக்கு எதிரியாக இருந்தால் போதும் என்கிறது. ஆகவே ஓகரோடு சண்டையிடும் ஓநாய், உங்களுக்கு நட்பாக இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும். 2024 நூல் உங்கள் கூட்டாளி ஒருவர் என்று எழுதுகிறது. அந்த ஓநாய் இனி உதவாது. உங்கள் மேசையில் எந்த நூல் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன நிபந்தனை. ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக், எதிரி உங்கள் கைக்கெட்டும் தொலைவை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்பு நடக்கிறது. நிபந்தனைகளை அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். டர்னின் தொடக்கத்தில் யார் எங்கே நின்றார் என்பது போதாது. ஓகர் உங்களுக்கும் ஃபைட்டருக்கும் நடுவில் நின்று, முதலில் ஃபைட்டரை விட்டு விலகி, உங்கள் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடியிருந்தால், உங்கள் அடி விழும் கணத்தில் ஃபைட்டர் 5 அடிக்கு அப்பால் இருந்திருப்பார். அட்வான்டேஜுக்கு வேறு வழி இல்லாத பட்சத்தில் அப்போது கூடுதல் பகடைகள் கிடையாது. ஃபைட்டர் இன்னும் ஒட்டி நின்றிருந்தால் கிடைக்கும். வாசகரின் விவரிப்பில் ஃபைட்டர் எங்கே நின்றார் என்பது இல்லை; கட்டங்கள் வரைந்த பலகையில் ஆடுபவர்களாக இருந்தால், ஓகரின் பாதையை விரலால் ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓகர் டிஸ்எங்கேஜ் (பாதுகாப்பாக விலகும்) ஆக்ஷன் எடுத்திருந்தாலோ, யாரேனும் மந்திரத்தால் அதைத் தள்ளியிருந்தாலோ, ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்குக்கே இடமில்லை என்பதையும் நினைவில் வைக்கவும்.

அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் ஒரே தாக்குதலில் சேர்ந்து வந்தால் இரண்டும் இல்லாததாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. டிஸ்அட்வான்டேஜ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஸ்னீக் அட்டாக்கை மறுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அது தவறு. கூட்டாளி பக்கத்தில் நின்றால் அந்தத் தாக்குதலுக்கும் திறன் செல்லும். அதேபோல், விதி ஆயுதத்தின் தன்மையைத்தான் கேட்கிறது. ரேப்பியரை டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு)ப் பதிலாக ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை) கொண்டு வீசினாலும் தடையில்லை.

இரண்டு தடவை மூன்று பகடைகள் என்றால் ரோக் அளவுக்கு மீறிய வலிமை பெற்றுவிடமாட்டாரா என்ற கவலை டிஎம்முக்கு இருப்பது இயல்பு. கணக்கைப் பார்ப்போம். திறன் மதிப்பின் கூடுதல் 4 என்று கொண்டால், ஐந்தாம் நிலை ரோக்கின் ரேப்பியர் அடி, ஸ்னீக் அட்டாக்கோடு சேர்த்துச் சராசரியாக 19. அதே நிலை ஃபைட்டர் நீண்ட வாளை ஒரு கையில் பிடித்து இரண்டு தடவை அடித்தால், சண்டைப் பாணியின் கூடுதலைச் சேர்க்காமலே 17. ஆனால் ஃபைட்டருக்கு ஓர் அடி தவறினால் இன்னொன்று மிஞ்சுகிறது. வாசகரின் ரோக்குக்கு அந்த ஒரே அடி தவறினால் அந்த டர்னே வீண். ரியாக்ஷனும் இலவசம் அல்ல. ஒரு ரவுண்டுக்கு அது ஒன்றுதான், அடுத்த தம் டர்ன் தொடங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கிறது. ஐந்தாம் நிலையில் ரோக்குக்குக் கிடைக்கும் அன்கேனி டாட்ஜ், தம் மீது பட்ட ஓர் அடியின் சேதத்தைப் பாதியாக்கும் அரிய திறன், அதே ரியாக்ஷனைத்தான் கேட்கிறது. ஓகரைத் துரத்தி அடித்துவிட்டால், இன்னோர் ஓகரின் கதாயுதம் சராசரி 13 சேதத்தோடு இறங்கும்போது அதைப் பாதியாக்க வழியில்லை. இந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவருக்குத்தான் இரண்டாவது ஸ்னீக் அட்டாக் வாய்க்கிறது. எதிரி விலகி ஓடினால்தான் அதற்கும் வாய்ப்பு.

டிஎம்மிடம் பேசுவதற்கு ஆட்டத்தின் நடுப்பகுதி உகந்த நேரமல்ல. அடுத்த அமர்வுக்கு முன்பாக, ஸ்னீக் அட்டாக், எக்ஸ்ட்ரா அட்டாக், கன்னிங் ஆக்ஷன் ஆகிய மூன்று பத்திகளையும் அவர் முன் வைத்து ஒன்றாகப் படியுங்கள். 2014 விதிகளின் அடிப்படைப் பகுதி 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. ரோக்கின் இந்தப் பத்திகள் அதில் இருப்பதால், மூல வாக்கியத்தை இருவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தம் மேசையின் விதியை மாற்றும் உரிமை டிஎம்முக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் படித்த பிறகும் ரவுண்டுக்கு ஒரு தடவைதான் என்று அவர் முடிவு செய்தால், அதை அந்த மேசைக்கான மாற்று விதியாக எழுதி வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். கூடவே, பழைய விதியை நம்பி நீங்கள் எடுத்திருக்கும் ஃபீட் (விரும்பித் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) முதலிய தேர்வுகளை ஒரு தடவை மாற்றிக்கொள்ள அனுமதியும் கேளுங்கள்.