கைக்குப் பலம் வந்தும் பொருள் பிடிபடவில்லை என்றால்
வணக்கம் தம்பி. பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவின் இடது கைக்குப் பலம் திரும்பிவிட்டது, ஆனால் பார்க்காமல் சாவியா சில்லறையா என்று சொல்ல முடியவில்லை, திருக்கடலூரில் வலை பொத்தவும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சாட்டுச் சொல்லவில்லை, தயவுசெய்து ஏசாதீர்கள்.

கையை அசைக்கிற இடம் வேறு, தொடுகையை உணர்கிற இடம் வேறு. இரண்டும் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், ஒரே பள்ளத்தின் முன்னும் பின்னும் இருக்கின்றன. இடது கையின் சேதி வலப்பக்க மூளைக்குப் போகும். அங்கே விளிம்பு, சொரசொரப்பு, விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதெல்லாம் தனித்தனியாக வந்து, அப்புறம்தான் ஒன்றுசேர்ந்து சாவி ஆகிறது. அந்தச் சேர்ப்புக் கெட்டால் தொட்டது தெரியும், தொட்டது என்னவென்று தெரியாது. 1937இல் மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களான பென்ஃபீல்டும் போல்ட்ரியும் வெளியிட்ட ஆய்விலேயே கைக்கும் உதட்டுக்கும் புறணியில் நிறைய இடம் இருப்பது தெரிந்தது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஈயக்குண்டு, மிதவை, நைலோன் கயிறு எடுத்துக் கொடுங்கள். அவர் கைபழகிய சாமான்தான் நல்லது. கண்ணை மூடி இடது கையால் உருட்டிப் பார்க்கட்டும், பிறகு கண்ணைத் திறந்து, வலது கையாலும் தடவி ஒப்பிடட்டும். தினமும் செய்யுங்கள். முழுதாகத் திரும்பும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பயிற்சியால் முன்னேறியவர்கள் உண்டு. கொதிநீர், கத்தி, தூண்டில் முள் மட்டும் அந்தக் கையில் வேண்டாம். அடுத்த கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சையாளரை (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர்) கட்டாயம் கேளுங்கள்.