பழைய டிராக்டர்: பெட்ரோலா, டீசலா?

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கும் நான், அண்மையில் 20 ஏக்கர் புல்நிலம் வாங்கினேன். 1966இல் தயாரான ஜான் டீர் 4020 டிராக்டர்கள் இரண்டு விலைக்கு வந்துள்ளன. பெட்ரோல் வண்டி 6,500 டாலர். டீசல் வண்டி 11,000 டாலர். ஆண்டுக்கு 60 மணி நேரம்தான் ஓட்டுவேன். பெட்ரோல் வண்டியை வாங்கி வைத்தால், அரிய பொருளாகிப் பின்னாளில் நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வண்டி மலிவாகக் கிடைப்பதே, அதைத் தேடி வருவோர் குறைவு என்பதால்தான். நாள் முழுவதும் உழவு ஓட்டும் விவசாயிக்கு, அதே வேலையைக் குறைந்த எரிபொருளில் முடிக்கும் டீசலே கட்டுபடியாகும் என்பதால், 1963 முதல் 1972 வரை இந்த மாடல் தயாரான காலத்திலேயே பெரிய பண்ணைகள் டீசல் பக்கம் சாய்ந்துவிட்டன. நீங்கள் விற்கப் போகும்போதும் டீசலுக்குத்தான் ஆள் விரைவில் வருவார்.

ஆனால், அதற்காக 4,500 டாலர் கூடுதலாகக் கொடுப்பதா என்பது வேறு கணக்கு. மணிக்குப் பெட்ரோல் நான்கு கேலன், டீசல் மூன்று கேலன், இரண்டுமே கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், 60 மணி நேரத்தில் டீசலால் மிச்சமாவது 180 டாலர். அந்த 4,500 டாலர் 4 சதவீத வட்டி தரும் வைப்பில் இருந்தாலும் ஆண்டுக்கு 180 டாலர் ஈட்டும். விற்கும்போது டீசலின் கூடுதல் விலை பெரும்பாலும் திரும்பிவிடும் என்றே கொண்டாலும், உங்கள் ஓட்டத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 300 மணி நேரம் ஓட்டுபவராக இருந்தால் யோசிக்காமல் டீசலைச் சொல்லியிருப்பேன்.

எனவே பழுதுச் செலவுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்பும், அதைத் தெளிக்கும் நாசிலும் கெட்டால் செலவு பெரிது. மேலும், 1966 டீசல் வண்டியில் 24 வோல்ட் மின்னமைப்பு இருக்கும். பலர் இதை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருப்பார்கள், மாற்றாவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். பெட்ரோல் வண்டியின் தொல்லை பெரும்பாலும் கார்புரேட்டரோடு நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காமல் இருந்தால் அதுவும் குறையும்.

லாப நோக்கில் விவசாயம் செய்து கணக்குக் காட்டுபவரானால், பண்ணை வேலைக்குச் செலவான பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.3 சென்ட் ஒன்றிய வரியைத் திரும்பக் கோரலாம்; பொழுதுபோக்குப் பண்ணைக்கு அது கிடையாது.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘கேஸ்’ என்றால் பெட்ரோல்தான் என்றாலும், புரொப்பேன் வாயுவில் ஓடும் 4020 வகையும் உண்டு என்பதால் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் நன்றாக இருந்தால் பெட்ரோல் வண்டியையே வாங்கலாம். ஆனால் 6,500 கொடுக்காதீர்கள், போட்டிக்கு ஆளில்லாத பொருள் என்பதால் 5,500இலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.